நிக்கல் கரைசலுக்குக் கொட்டாங்குச்சிக் கரி: சில ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரின் துவாஸில் உள்ள எங்கள் முலாம் பட்டறையில், நிக்கல் கரைசலைச் சுத்திகரிக்கக் கொட்டாங்குச்சியிலிருந்து தயாராகும் குருணை ஆக்டிவேட்டட் கார்பனை (அழுக்கை உறிஞ்சும் நுண்துளைக் கரியை) சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். கரைசலைச் சுற்றிவிடும் பம்பின் மெக்கானிக்கல் சீலை, அதாவது தண்டு வழியே கசியாமல் தடுக்கும் அடைப்பை, சென்ற வாரம் மறுபடியும் மாற்ற வேண்டியதாயிற்று. கழற்றிய சீலின் முகத்தில் வட்ட வட்டமாகக் கீறல்கள், இடுக்கெல்லாம் கறுப்புக் குழம்பு. இந்தக் கரியை வாங்கலாமா என்று ஜொகூரில் தொழில் நடத்தும் நண்பர் கேட்டதும் அதே வாரத்தில்தான்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பு நிலக்கரியிலிருந்து செய்த தூள் கரியைப் பயன்படுத்தியபோது, கரைசலை வேறு தொட்டிக்கு மாற்றி, 60 டிகிரிக்குச் சூடாக்கி, கரியைக் கலக்கி, இரவு முழுவதும் படியவிட்டு வடிகட்ட வேண்டும். அதுவரை உற்பத்தி நின்றிருக்கும். குருணைக் கரியைத் தனிக் கலனில் நிரப்பிப் பக்கவழியாகக் கரைசலை ஓடவிட்டால் வேலை நிற்பதில்லை. ஒரு கிராமுக்கு 1000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட உட்பரப்பு, பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவான நுண்துளைகள். முலாமுக்குப் பளபளப்புத் தரச் சேர்க்கும் பிரைட்னர் சிதைந்து உண்டாகும் சிறிய கரிமச் சேர்மங்களை இது நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. கரைசலைச் சோதிக்கும் சிறு தொட்டியான ஹல் செல்லின் தகட்டில் தெரிந்த மங்கலும் கோடுகளும் மறைந்து பளபளப்பு திரும்புவதைப் பார்ப்பது உண்மையிலேயே மகிழ்ச்சி. நல்ல பிரைட்னரையும் சேர்த்து உறிஞ்சிவிடும் என்பதால் பிறகு அளந்து ஊற்ற வேண்டும். கரைசலில் செம்பு, துத்தநாகம் கலந்து மாசானால் இதை நம்ப வேண்டாம். அதற்குக் குறைந்த மின்னோட்டத்தில் பழைய தகட்டைத் தொங்கவிட்டு, அந்த உலோகங்களை அதில் படியவைப்பதுதான் வழி. நண்பர் உமிக் கரியைப் பற்றியும் கேட்டார். உமியில் சிலிக்கா மிகுதி. அதை நீக்காத கரியில் சாம்பல்தான் கூடுதலாக இருக்கும்.

என் பொறுமையைச் சோதிப்பது தூசி. விற்பவர்கள் கரியின் உறிஞ்சும் திறனைக் காட்டும் அயோடின் எண்ணையும் கடினத்தன்மையையும் சான்றிதழில் பெருமையாகக் காட்டுகிறார்கள். ஆனால் கப்பலிலும் லாரியிலும் குலுங்கி வந்த மூட்டையின் அடியில் கைவிட்டால், விரலிடுக்கில் மாவுபோல ஒட்டும் கறுப்புத் தூளைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. இரவு முழுவதும் ஊறவைத்து, நுண்துளைகளில் உள்ள காற்றை வெளியேற்றி, தண்ணீர் தெளியும்வரை கீழிருந்து மேலாக அலசுகிறோம். அலசும் நீர் தெளிந்துவிடும். மறுநாள் பம்பை ஓட்டியதும் அந்த முதல் அதிர்வில் மீண்டும் கறுப்பு வரும். அந்தத் தூசி தொட்டிக்குத் திரும்பி, தொங்கும் பொருள்களின் மேல்நோக்கிய பரப்புகளில் படிந்து, அதன்மீதே நிக்கல் ஏறிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொரசொரப்பை விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும், அதற்குள் ஒரு சுற்றுப் பொருள் வீணாகியிருக்கும். அமிலத்தில் கழுவாத கரியாக இருந்தால் சாம்பலில் உள்ள காரம் வேறு கரைந்து, பிஎச் 4-ஐ ஒட்டி வைத்திருக்கும் கரைசலைச் சற்று மேலே தள்ளுகிறது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், “நன்றாக அலசுங்கள்” என்பது மட்டுமே பதிலாக வருகிறது.

கரியின் மீது குற்றமில்லை. ஒழுங்காகச் சலித்து, அலசி அனுப்பாதவர்களிடம்தான் குற்றம். இது எனக்குத் தெரியும். இருந்தாலும் அடுத்த கொள்முதல் தாளில் நான் கையெழுத்திடப் போவதில்லை. அமிலத்தில் கழுவி, தூசி நீக்கிய கரியைச் சொன்னபடி கொடுப்பவர் கிடைக்கும்வரை, உற்பத்தியை நிறுத்தித் தூள் கரியைக் கலக்கிக்கொள்வதே மேல் என்று நண்பருக்கும் எழுதிவிட்டேன்.