போனா, அட்டையா, வாய்க்கேள்வியா? பயணத்தில் பிள்ளைகளுக்கு எந்த வினாடி வினா?

எங்கள் வீட்டில் பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. அடிக்கடி காட்பாடியில் ரயிலேறி சென்னைக்குப் போவோம். லீவு விட்டால் வேலூரிலிருந்து பஸ்ஸில் ஏலகிரி. ஒரு மணி நேரம் தாண்டினாலே "இன்னும் எவ்வளவு தூரம்?" ஆரம்பித்துவிடும். போன் வினாடி வினா, கேள்வி அட்டை, வாயாலேயே கேட்கும் விளையாட்டு என மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பெரியவர்களுக்கு வேலை வைக்காதது போன்தான். ஆனால் ஓடும் பஸ்ஸில் அதைக் கொடுக்காதீர்கள். பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் சின்னவனுக்கு வாந்தி. கண் அசையாத திரையைப் பார்க்கிறது, உள்காதோ உடம்பு ஆடுகிறது என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் குமட்டுகிறது. அப்புறம், பெரும்பாலான ஆப்களில் வேகமாகத் தொட்டவருக்குத்தான் மதிப்பெண். எழுத்துக்கூட்டிப் படிக்கிற தம்பி அக்காவிடம் தோற்றுக்கொண்டே இருப்பான். ரயில் தாமதமாகி பிளாட்பாரத்தில் காத்திருக்கும்போது மட்டும் போனை எடுக்கலாம், அங்கே அது நல்ல துணை.

அட்டை ரயிலுக்குப் பொருத்தம். எதிரெதிர் சீட், நடுவில் சீட்டுக்கட்டு மாதிரி வைத்து ஆடலாம். பஸ்ஸில் ஒரு பிரேக் போட்டால் பாதி அட்டை சீட்டுக்கு அடியில். கடையில் வாங்கியது மூன்றாவது பயணத்திலேயே மனப்பாடமாகிவிடும். அதனால் பழைய காலண்டர் தாளை வெட்டி, அதன் பின்பக்கத்தில் பிள்ளைகளையே கேள்வி எழுதச் சொன்னேன். எழுதுகிறவர் பதிலைத் தேடிப் படிக்கத்தானே வேண்டும்! பெரியவள் எழுதிய ஒன்று: "தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கிருந்து எங்கே போனது?" வாலாஜா ரோடு ஸ்டேஷன் நெருங்கும்போது எதிர் சீட்டுத் தாத்தாவிடம் கேட்டாள். "சென்ட்ரலிலிருந்துதான் இருக்கும்" என்றார் அவர். "இல்லை தாத்தா, சென்ட்ரல் 1873. இது 1856. ராயபுரத்திலிருந்து இதோ, இந்த வாலாஜா ரோடு வரைக்கும்!" அவர் எட்டி ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் பார்த்தார். இத்தனை வருஷம் இந்த வழியாகப் போகிறேன், தெரியாதே என்றார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

பஸ்ஸுக்கு என் ஓட்டு வாய்க்கேள்விக்குத்தான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே ஆடுவதால் குமட்டல் குறைவு. வண்டி நம்பரிலிருந்து தொடங்குவோம்: டிஎன் 23 வேலூர், 73 ராணிப்பேட்டை, 83 வாணியம்பாடி. "முன்பு ஒரே மாவட்டமாக இருந்ததை எந்த வருஷம் மூன்றாகப் பிரித்தார்கள்?" 2019. சின்னவனுக்குக் கணக்கு. முன்னால் போகிற லாரி 4527 என்றால் இலக்கங்களைக் கூட்டச் சொல்வேன். 18 வரும், ஆகவே 9-ஆல் வகுபடும். ஆளுக்கேற்ற மாதிரி கேள்வியை மாற்ற முடிவது போனில் கிடைக்காத வசதி.

ஏலகிரி மலையேறும்போது கேள்வியை யோசிக்கக்கூட வேண்டாம். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்தான். பலகை கண்ணில் பட்டதும் "பாரி எதற்குத் தேர் கொடுத்தார்?" என்று ஒருவர் கேட்க, "முல்லைக்கொடிக்கு!" என்று மற்றவர் கத்த, அடுத்த வளைவு வந்துவிடும்.

இதில் ஒரு கஷ்டம், பெரியவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்கு மாமியார் கைகொடுக்கிறார். "அடி காட்டில், நடு மாட்டில், நுனி வீட்டில், அது என்ன?" என்று அவர் போட்டதும் இரண்டும் வெளியே தேட ஆரம்பித்துவிடும். நெற்பயிர் என்று விடை சொன்ன பிறகு, தாள் வயலிலேயே நிற்பதையும், வைக்கோல் மாட்டுக்கும் மணி வீட்டுக்கும் போவதையும் ஜன்னல் வழியாகக் காட்டி விளக்குவார்.

இரவு பஸ்ஸில் விளக்கை அணைத்த பிறகும் நடக்கிற ஒரே ஆட்டம் விடுகதைதான். பாட்டி தோளில் சாய்ந்து, மூன்றாவது விடுகதைக்குச் சின்னவன் தூங்கிவிடுவான்.