அடையாறு கிராஃபிட்டி வகுப்பு: முகமூடி உங்களுடையதாக இருக்கட்டும்

கட்சி, சினிமா, சோப்பு என்று சென்னைச் சுவர்களில் காலமெல்லாம் பிரஷ் பிடித்தவன் நான். பேத்தி விடாமல் நச்சரித்ததில், ஸ்பிரே பெயிண்டால் சுவரில் எழுதக் கற்றுத்தரும் இந்த அரை நாள் கிராஃபிட்டி வகுப்புக்குப் போய் வந்தேன். தலைக்கு 1,500 ரூபாய். ஸ்பிரே டப்பா, கையுறை, பிளைவுட் பலகை எல்லாம் அதிலேயே அடக்கம்.

முதலில் கொஞ்ச நேரம் வரலாறு. அதுதான் எனக்கு ருசித்தது. கிராஃபிட்டி இத்தாலியச் சொல்லாம், கீறியது என்று பொருள். கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் என்ற ரோமானிய நகரத்துச் சுவர்களில் காதல், வசவு, கணக்கு எல்லாம் கீறிக் கிடக்கிறது. ஆனால் தேர்தல் விளம்பரம் கீறல் இல்லை, கூலிக்கு ஆள் வைத்துப் பிரஷ்ஷால் எழுதியது. வெள்ளையடிக்க ஓர் ஆள், விளக்குப் பிடிக்க ஓர் ஆள். எமிலியஸ் செலர் என்ற எழுத்தர், நிலா வெளிச்சத்தில் தனியாக எழுதினேன் என்று சுவரிலேயே குறித்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கும் கையாள் வரவில்லை போலிருக்கிறது!

அங்கிருந்து ஒரே தாவலாக நியூயார்க், 1971. தன் புனைபெயரை ஊரெல்லாம் சுவரில் எழுதிப் பத்திரிகையில் இடம்பிடித்த டாக்கி 183 என்ற பையனின் கதை. கீழடி, கொடுமணல் பானை ஓடுகளில் உள்ள கீறல் குறிகளையும் தொல்லியல்காரர்கள் கிராஃபிட்டி என்றுதான் சொல்கிறார்கள். அதைப் பற்றி மூச்சே விடவில்லை. சென்னையில் வகுப்பு நடத்துகிறவர்கள் இதை விடலாமா?

செய்முறை அருமை. கையை ஓடவிட்ட பிறகுதான் டப்பாவின் பெயிண்ட் பீய்ச்சும் மூடியை அழுத்த வேண்டும். நின்ற இடத்தில் அழுத்தினால் பெயிண்ட் வழிந்துவிடும். முடிந்ததும் டப்பாவைக் கவிழ்த்து, வெறும் காற்று வரும்வரை அடித்தால் மூடி அடைக்காது. சொல்லிக்கொடுத்த தம்பிக்குப் பொறுமை அதிகம். "ஐயா, நூல் அடிக்காமலே கோடு நேரா வருதே!" என்று என்னையே கேட்டார்.

குறை என்றால், மூடிய அறையில் அத்தனை பேர் ஸ்பிரே அடிக்கும்போது கொடுத்தது துணி முகமூடி. எனக்குச் சாயங்காலம்வரை தலைவலி. ஸ்டென்சில் அத்தனையும் ஆங்கில எழுத்து. பேத்தி தன் பெயரைத் தமிழில் எழுத, நான்தான் அட்டையில் வெட்டிக் கொடுத்தேன். இன்னொன்று, "இனி எந்தச் சுவரிலும் புகுந்து விளையாடுங்க" என்று பிள்ளைகளை உசுப்பிவிட்டார்கள். பொது இடத்தை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே இங்கே சட்டம் போட்டாயிற்று. அதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை. போகிறவர்கள் வடிகட்டி வைத்த நல்ல முகமூடியாக வாங்கிக்கொண்டு போங்கள்.