குன்னூரில் 75 சொம்பும் ஒரு சிக்குக் கோலமும்

அப்பாவுக்கு மணிவிழா. தாம்பூலப் பையில் தேங்காயோடு ஆளுக்கொரு சின்னப் பித்தளைச் சொம்பு வைப்பது என்று அம்மா முடிவு செய்துவிட்டார். மொத்தம் 75. சொம்பின் வயிற்றில் அப்பாயியின் கோல நோட்டிலிருந்து ஒரு சிக்குக் கோலம், அதற்குக் கீழே ‘செல்வராஜ் – சாந்தி’. பர்மிங்காமிலிருந்து 18 நாள் லீவில் வரும் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை இது. “நீதானேடா கம்ப்யூட்டர்ல இருக்கறவன்” என்று சொல்லி அம்மா முடித்துக்கொண்டார்.

கோவையில் இறங்கிப் பாத்திரக் கடையில் 80 சொம்பு எடுத்தேன். சேதாரத்துக்கு ஐந்து. அங்கேயே பேர் வெட்டித் தருகிறோம் என்றார்கள், அதுவும் இலவசமாக. கையில் பேனா மாதிரி ஒரு கருவி, ‘டிர்ர்ர்’ என்று அதிர்ந்துகொண்டே எழுதும். எவர்சில்வர் வாங்கிய யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். பேருக்குச் சரி, கோலத்துக்கு அது ஆகாது. லேசர்தான் என்று தீர்மானித்துக்கொண்டு மலையேறினேன்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிக்குத் தேவையில்லை. விமான நிலையத்தில் டாக்சி எடுப்பவர்கள் முன்னாலேயே போட்டுவிடுங்கள். மலையடிவாரக் கல்லாரில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போனில் சிக்னல் தேடுவது நல்ல ஆரம்பம் இல்லை.

முதலில் போனது ஊட்டியில், சுற்றுலாக்காரர்கள் நடமாடும் பகுதியில் ஒரு கடை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் நன்றாகவே ஓடுகிறது. அதில் மலை ரயில், தேயிலைத் துளிர், கூடவே உங்கள் பேர் என்று பத்து நொடியில் போட்டுத் தருகிறார்கள். பாட்டிலின் மேல்பூச்சை மட்டும் லேசர் எரித்து எடுக்கிறது, அடியில் இருக்கும் வெள்ளை எவர்சில்வர் எழுத்தாகத் தெரிகிறது. பார்க்க ஜோராக இருக்கும். தோடர் பூவேலையையும் ஒரு டிசைனாக வைத்திருந்தார்கள். நூலை எண்ணி எண்ணிக் கையால் போடும் வேலை அது, 2013-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதைப் பாட்டில் மேல் பார்க்க எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. அது என் பிரச்சினை.

கோலத்தைக் காட்டினேன். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், மாதிரிக்கு ஒரு சொம்பு போட்டார்கள். பித்தளை மேல் கருகருவென்று கோலம். பிரமாதம் என்று நினைத்துக்கொண்டே கீழே எழுத்தைப் பார்த்தால் ‘ச◌ெல்வராஜ்’. ஒற்றைக் கொம்பு தன் எழுத்துக்கு முன்னால் போய்ச் சேராமல் பின்னால் தனியாகப் புள்ளி வட்டத்தோடு நின்றது. அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது என்பது எனக்கு அப்போதே புரிந்தது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியுமே, அவர் கண்ணில் அது படவே இல்லை. அப்புறம், மெஷினைச் சுற்றி நாலைந்து குழந்தைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன, யார் கண்ணிலும் கண்ணாடி இல்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொம்பை வாங்கிப் பார்த்தார். ‘ச◌ெ’வைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், கொஞ்சம் புளி, கொஞ்சம் உப்பு, ஒரு தேய். கழுவி வெளிச்சத்தில் காட்டினார். கருப்பு பாதி போயிருந்தது. இன்னொரு தேய்க்குக் கோலம் இருந்த இடத்தில் காப்பிக் கறை மாதிரி ஒரு நிழல்தான் மிச்சம்.

கடைக்குப் போன் செய்தேன். “புளி போட்டா அப்படித்தாங்க ஆகும். துணியால துடைச்சு ஷோகேஸ்ல வைங்க” என்றார். ஏமாற்றுகிறவர் என்று சொல்லமாட்டேன். மாதிரிக்குக் காசு வாங்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கே செய்து பழகியவர், அவ்வளவுதான். பித்தளையைப் புளி போடாமல் வைத்திருக்கும் வீடு எங்கள் சொந்தத்தில் ஒன்றுகூட இல்லை.

அடுத்து வீட்டுக்குப் பக்கத்தில் மரப்பலகையில் பேர் வெட்டும் ஒரு பையனிடம் கேட்டேன். “அண்ணா, என்கிட்ட இருக்கறது கார்பன் டை ஆக்சைடு லேசர். மரம், அக்ரிலிக், தோல் எல்லாம் வெட்டும். பித்தளைல பட்டா அப்படியே திரும்பி வந்துரும். ஃபைபர் லேசர் வச்சிருக்கறவங்ககிட்ட போங்க” என்று சொல்லி, கீழ்க் குன்னூரில் மார்க்கெட்டுக்கு இறங்கும் வழியில் ஒரு கடைக்கு அனுப்பினான். தன்னால் ஆகாது என்று உடனே சொல்கிறவன் கிடைப்பது பெரிய சேவை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அது ரப்பர் ஸ்டாம்ப், பேர்ப் பலகை, கோப்பை எல்லாம் செய்யும் பழைய கடை. அப்பா கல்லாவில், மகன் மெஷினில். நான் சொம்பை மேசையில் வைத்ததும் மகன் கேட்ட முதல் கேள்வி: “இத எதப் போட்டுத் தேய்ப்பீங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். “அது மேலாப்புல கருக்கினதுங்க. பித்தளைல அந்தக் கருப்பு நிக்காது, புளி தின்னுரும். நாம பள்ளமா எடுத்தரலாம். கருப்பா இருக்காது, போகப் போக அழுக்கு சேந்து அதுவே கறுத்துக்கும்.” எவர்சில்வராக இருந்தால் வேறு கணக்காம். அதில் கருப்பு ஓரளவு நிற்கும். ஆனால் சூடு அதிகமானால் துருவைத் தடுக்கும் குரோமியப் படலம் கெட்டு, எழுதிய இடத்திலேயே துரு பிடிக்கும் என்றார்.

கோலத்தை ஜேபெக் படமாக வாங்க மறுத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள் என்றார். பிறகு நோட்டுப் பக்கத்தையே ஸ்கேன் செய்து, கோரல் டிரா என்ற வரையும் மென்பொருளில் கோட்டின் மேல் கோடு வைத்து வரைந்தார். எழுத்தையும் அங்கேயே அடித்து வளைகோடாக மாற்றிவிட்டார். இனி மெஷினைப் பொறுத்தவரை ‘செ’ ஓர் எழுத்தில்லை, வெறும் படம். கொம்பு ஓடிப்போக வழியில்லை.

முதல் மாதிரி வந்தது. பள்ளம் நன்றாக இருந்தது, நகத்தை ஓட்டினால் தடுத்தது. ஆனால் கோடும் கோடும் குறுக்கே போகும் ஒவ்வோர் இடத்திலும் சின்னதாக ஒரு வெற்றுக் கட்டம். நான் பரவாயில்லை என்றிருப்பேன். கூட வந்த அம்மா விடவில்லை. “தம்பி, கோலம் அறுந்திருக்கு. சிக்குக் கோலம் அறுந்தா நல்ல காரியத்துக்கு ஆகாது.”

மகன் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அம்மா சொல்றது சரிதாங்க” என்றார். விஷயம் இதுதான்: தடித்த கோட்டுக்குள் நெருக்கமாகக் கோடு கோடாக ஓட்டித்தான் லேசர் இடத்தை நிரப்புகிறது. ஒரு வடிவம் தன்மேலேயே ஏறிப் போகும் இடத்தை உள்ளே என்று எண்ணாமல் வெளியே என்று எண்ணி விட்டுவிடுகிறது. ஒரே கோடு முப்பது தடவை தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் சிக்குக் கோலத்தில் முப்பது ஓட்டை விழும். எல்லாவற்றையும் ஒரே வடிவமாக உருக்கிச் சேர்த்ததும் கோலம் முழுசாக வந்தது. அதற்கு இருபது நிமிடம் பிடித்தது. தனியாகக் காசு கேட்கவில்லை.

மெஷினை ஓட்டும் முன் எங்கள் இருவருக்கும் கண்ணாடி கொடுத்தார். சொம்பின் மேல் ஓடும் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து, லேசர் என்பது அதுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை. அது இடம் காட்டும் விளக்கு. நிஜமான கதிர் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாது. பளபளப்பான பித்தளையில் பட்டுத் தெறித்துக் கண்ணில் விழுந்தால் விழித்திரை போகும். ஊட்டியில் எட்டிப் பார்த்த குழந்தைகள் அப்போதுதான் நினைவுக்கு வந்தார்கள். கண்ணாடி தராத கடையில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

சொம்பின் வயிறு உருண்டை என்பதால் இன்னொரு சிக்கல். லென்ஸின் குவியம் சில மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்கும், ஓரத்துக்குப் போனால் கோடு மங்கிவிடும். டம்ளரைச் சுழற்றிக்கொண்டே எழுத ஓர் உருளை இருக்கிறது, சொம்புக்கு அது சரிவராது. மேலும் கீழும் வளைந்திருக்கிறதே. கோலத்தை மூன்று சென்டிமீட்டருக்குள் அடக்கினோம். நான் கேட்டது ஐந்து. அவர் சொன்னதுதான் சரி.

மெஷின் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருந்தது. எதற்கு என்றால், “மிஸ்ட்டுங்க. லென்ஸ்ல ஈரம் கட்டிரும்.” குன்னூருக்கே உரிய தொழில்நுட்பம்.

ஒரு சொம்புக்கு மூன்று நிமிடம், பல சுற்று. 75-க்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாது. நடுவில் கரண்ட் போனதில் இரண்டு நாள் ஆயிற்று. ஒன்றுக்கு 90 ரூபாய். கரண்ட் போன நேரத்தில் மெஷினில் இருந்த சொம்பு அரைக் கோலத்தோடு வீணாயிற்று, அதைத் தனியாக எடுத்துக் காட்டிக் கணக்கில் கழித்துக்கொண்டார். குறை என்றால் ஒன்று: சொன்ன நேரத்துக்கு இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் கடை பூட்டியிருந்தது. போன் செய்துவிட்டுப் போங்கள்.

பர்மிங்காமில் நகைக் கடைகள் இருக்கும் பகுதியில் இதே வேலையைப் பார்த்திருக்கிறேன், விலை கேட்டுவிட்டு வெளியே வந்திருக்கிறேன். நம் ஊர் நகையில் 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடும் லேசரில் போடுவதுதான்.

மிச்சமிருந்த சொம்பில் ஒன்றில் அப்பாயி பேரைப் போடலாம் என்று தோன்றியது. அவருடைய தூக்குவாளியை எடுத்துப்போனேன். மூடியில் புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய ‘அஞ்சலை 12-6-71’. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’. ல-வோடு தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு ஒட்டியிருக்கும். மகன் தன்னிடமிருந்த தமிழ் எழுத்துருக்களையெல்லாம் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கல்லாவிலிருந்த அப்பா எழுந்து வந்தார், மூடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். “போட்டோ எடுத்து அப்படியே வரைடா. அந்த 1 கோணலா இருக்கு பாரு, அத நேராக்கிராத.”

வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா கோணல் 1-ஐ விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அப்புறம் புளியை எடுத்தார்.