இசிஎச்எஸ் கார்டு: ஒரு ஹவில்தார் குடும்பத்தின் அனுபவம்

முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. அதற்கு முன்பு பென்ஷன் வாங்குகிறவனுக்கு உடம்புக்கு வந்தால் மிலிட்டரி ஆஸ்பத்திரிதான். அது இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். நான் ஹவில்தாராக ஓய்வுபெற்றவன். எனக்குச் சர்க்கரை, மனைவிக்கு இதயக் கோளாறு. பல வருடங்களாக இந்தக் கார்டை வைத்துத்தான் இருவருக்கும் வைத்தியம் நடக்கிறது. நல்ல திட்டம் என்று அடித்துச் சொல்வேன். சிக்கல் வருவது, திட்டத்தின் சொந்த கிளினிக்கான பாலிகிளினிக்கைத் தாண்டிய பிறகுதான்.

பாலிகிளினிக்கில் வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் நம்மைப் போலப் படையில் இருந்து வந்தவர்கள். எங்கள் பாலிகிளினிக்கில் ஒரு நர்சிங் அசிஸ்டென்ட் இருக்கிறார். நான் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தைத் தூக்கிப் பிடித்து, விரல் இடுக்கு வரை பார்ப்பார். சர்க்கரையால் எனக்குக் கால் மரத்துப்போயிருக்கிறது. சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் உடைந்திருந்ததை அவர் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். அன்றே சுத்தம் செய்து கட்டுப் போட்டார், ஆறிவிட்டது. காசு கொடுத்துப் பார்த்த டாக்டர்கள் யாரும் என் காலைத் தொட்டதில்லை.

மருந்து கையிருப்பில் இல்லையென்றால் சீட்டில் என்.ஏ., அதாவது 'இல்லை' என்று போட்டுத் தருவார்கள். வெளியே வாங்கி, பில்லைக் கொடுத்துப் பணம் கேட்கலாம். வரும், ஆனால் மெதுவாக.

அடுத்தது ரெஃபரல், அதாவது வெளி ஆஸ்பத்திரிக்குப் போக பாலிகிளினிக் தரும் பரிந்துரைச் சீட்டு. திட்டத்தின் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கு ரெஃபரலோடு போனால் நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. ஹவில்தார் வரை ஜெனரல் வார்டு, ஜேசிஓ-வுக்கு (நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை) செமி பிரைவேட், ஆபீசருக்குத் தனி அறை. மனைவிக்கு ஸ்டென்ட் வைக்கப் போன இடத்தில் அட்மிஷன் கவுன்டரில் முன்பணம் கேட்டார்கள். அரசு தரும் ரேட் குறைவு, அதுவும் தாமதமாக வருகிறது என்பது அவர்கள் கணக்கு. அதற்கு நோயாளியை நிறுத்தி வைப்பது என்ன நியாயம்? 'எவ்வளவு, எதற்கு என்று எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டேன். யாரும் எழுதித் தரவில்லை. பாலிகிளினிக்கின் பொறுப்பு அதிகாரியான ஓஐசி-க்குப் போன் போட்டேன். அவர் பேசியபின் முன்பணப் பேச்சே எழவில்லை. அந்த நம்பரைப் போனிலும் வையுங்கள், ஒரு தாளில் எழுதிக் கார்டு உறையிலும் வையுங்கள்.

அவசரம் என்றால் ரெஃபரலுக்கு அலைய வேண்டாம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியாக இருந்தாலும் முதலில் சேர்த்துவிடுங்கள். ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போயாக வேண்டும். அப்போதுதான் செலவைத் திரும்பக் கேட்க முடியும்.

எனக்கு ரொம்பவும் மனசு கஷ்டப்படுவது படைவீரர்களின் விதவைகளைப் பார்க்கும்போதுதான். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கும் இந்த வைத்தியம் முழு உரிமை. இருந்தும் ஆதாரில் ஒரு இனிஷியல், ஓய்வூதிய ஆணையான பிபிஓ-வில் வேறு இனிஷியல் என்று கவுன்டரில் நின்று அழுதவர்களைக் கண்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர், பின் கணவர் பெயர் என்று இனிஷியல் மாறுவது நம் வீடுகளில் சாதாரணம். நம் பணிப் பதிவுகளை வைத்திருக்கும், வடக்கே இருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு அது புரிவதில்லை. கணவர் உயிரோடு இருக்கும்போது அவரே எழுதிப் போட்டுத் திருத்தலாம். போன பிறகு அந்த அம்மா எத்தனை வாசல் ஏறுவார்? என் மனைவி பெயரைத் திருத்தி வாங்கிவிட்டேன். இப்போது ரெஃபரல் வாங்கவும் மனைவியையே முன்னால் அனுப்புகிறேன், நான் பின்னால் நிற்கிறேன். நீங்களும் இந்த வாரமே பிபிஓ-வையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்வார்கள்.