வாயைத் திறக்க முடியாதவர்களைக் குறிவைக்கும் மூலிகை எண்ணெய் விற்பனை: 16,500 ரூபாய் போச்சு

வீட்டில் யாராவது பாக்கு, பான் மசாலா போட்டு வாய் இறுகிப்போய் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும்.

அண்ணன் லாரி ஓட்டுகிறார். ராத்திரி ஓட்டத்தில் தூக்கம் வராமல் இருக்கப் பொட்டலப் பாக்கு, பல வருஷப் பழக்கம். முதலில் ரசம் பட்டாலே வாய் எரிகிறது என்றார். அப்புறம் பரோட்டாவைக்கூடக் கிள்ளிக் கிள்ளித்தான் வாய்க்குள் தள்ள வேண்டியிருந்தது. கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, விரல் வைத்தால் கயிறு மாதிரி தட்டுப்படும். ஆஸ்பத்திரி என்றால் ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் போகவே மாட்டேன் என்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. ஒருவர் வாயை முழுசாகத் திறந்து ஆப்பிளைக் கடிக்கிறார், கீழே 'கத்தி இல்லை, ஊசி இல்லை'. வாட்ஸ்அப்பில் மட்டுமே வியாபாரம் செய்யும் ஒரு மூலிகைக் கடை. நம்பர் கொடுத்ததும் வெள்ளைக் கோட்டுப் படம் வைத்த ஒரு பெண் கூப்பிட்டார். எவ்வளவு பொறுமை தெரியுமா! டார்ச் அடித்து வாய்க்குள் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார், "இரண்டாவது ஸ்டேஜ்தான் சார், பயப்படாதீங்க, 90 நாளில் திறந்துடும்" என்றார். போனை வைக்கிறதுக்கு முன்னால், "அண்ணன் இன்னைக்கு என்ன சாப்பிட்டார், கஞ்சியாவது இறங்குதா?" என்று கேட்டார். அங்கேதான் நான் விழுந்தேன். சொந்தக்காரர்களே அப்படிக் கேட்கவில்லை. மூன்று மாதப் பேக்கேஜ், 16,500 ரூபாய், அங்கேயே அனுப்பிவிட்டேன். பணம் போனது ஏதோ தனி ஆளின் பெயருக்கு.

வந்தது இரண்டு சின்னப் பாட்டில் எண்ணெய், ஒரு கவர் பொடி. லேபிளில் உரிம எண் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. எண்ணெயைத் தடவிய அன்றே அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு எரிச்சல். கேட்டால், "உள்ளே இருக்கிற நஞ்சு வெளியேறுது சார், நல்ல அறிகுறி." வாய் இன்னும் இறுகியது. கேட்டால், "அவர் உடம்பு சூட்டு உடம்பு, பூஸ்டர் சேர்க்கணும், இன்னொரு 4,200 ஆகும்." பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சீல் உடைத்த பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாதாம். சீல் உடைக்காமல் எப்படி அம்மா தடவுவது? மேனேஜர் பேசுவார் என்றார்கள். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். கடைசியில் ஒரே ஒரு டிக்கோடு நிற்கிறது, பிளாக் செய்துவிட்டார்கள்.

16,500 ரூபாயைவிட வயிற்றெரிச்சல் எது தெரியுமா? "பாக்கை உடனே விட வேண்டாம், உடம்பு தாங்காது, மெதுவாகக் குறைச்சா போதும்" என்று அந்தப் பெண் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அவரும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்!

அண்ணி அழுது பிடித்து இழுத்துப் போய் இப்போது அரசு பல் மருத்துவமனையில் காட்டியிருக்கிறோம். சீட்டு எழுத ஆன செலவு சொன்னால் சிரிப்பீர்கள். அங்கே டாக்டர் முதலில் செய்தது, எத்தனை விரல் உள்ளே போகிறது என்று பார்த்ததுதான். சாதாரணமாக மூன்று விரலை நெட்டுக்குத்தாக வைக்கலாம், அண்ணனுக்கு ஒன்றரைகூடப் போகவில்லை. இதற்குச் சளிப்படல அடி நார்த்திசு நோய் என்று பெயராம். காரணம் பாக்குதான், புகையிலை கலக்காத வெறும் பாக்கும் இதைச் செய்யும், 2004லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்துவிட்டது. இறுகிய நார் பழையபடி முழுசாகக் கரையாது, பாக்கை அடியோடு விட்டால்தான் மேலே மோசமாகாமல் பிடிக்கலாம், ஊசி, வாய் திறக்கும் பயிற்சி, ரொம்ப முற்றினால் ஆபரேஷன் என்றார். ஒரு புண் ஆறாமல் இருப்பதால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த எண்ணெயை நம்பி இருந்த மாதங்களை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. போட்டோ பார்த்து ஸ்டேஜ் சொல்கிறவனை நம்பாதீர்கள். லேபிளில் உரிம எண் இல்லாத எதையும் வாயில் வைக்காதீர்கள். வாய்ப்புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் பல் டாக்டரிடம் போங்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் கொடுத்திருக்கிறேன், 16,500இல் ஒரு பைசா இன்னும் வரவில்லை. அந்த ஆப்பிள் விளம்பரம் காலையில்கூட என் போனில் வந்தது, கண்ணில் பட்டால் ரிப்போர்ட் அடித்துவிடுங்கள்.