நிலைக்கும் கதவுக்கும் பைனா, அயனியா, ரப்பர் மரமா?

குமரி மாவட்டத்தில் வீடு கட்டுவோர் ஒரு தலைமுறைக்கு முன்புவரை தேக்கு, பலா, அயனி ஆகியவற்றுக்குள்ளேயே மரத்தை முடிவு செய்தனர். இன்று கப்பலில் வந்திறங்கும் பைனும், பால்வெட்டு முடிந்து சாய்க்கப்படும் ரப்பர் மரமும் அறுவை மில்களில் அவற்றோடு அடுக்கப்பட்டிருக்கின்றன. தேக்கு வாங்க இயலாத குடும்பத்தின் முன் நிற்பவை பெரும்பாலும் பைன், ரப்பர், அயனி ஆகிய மூன்றுதான். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் நனைக்கும் மாவட்டம் இது. விலையை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிடுவது சரியாகாது.

பைன் நம் சமவெளியில் வளரும் மரமன்று. கொடைக்கானல் பயணத்தில் பார்த்ததாகவே பலருக்கும் நினைவிருக்கும். ஆயினும் அது நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. இமயமலைச் சரிவுகளில் சிர் பைனின் அடிமரத்தைக் கீறி வடிக்கும் பிசினைக் காய்ச்சினால், டர்பன்டைன் எண்ணெய் ஆவியாகப் பிரிந்து, ரோசின் அடியில் தங்குகிறது. சிரட்டை கட்டி ரப்பர் பால் எடுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தத் தொழில் அந்நியமாகத் தோன்றாது. டர்பன்டைன் பெயின்ட்டைக் கரைக்க உதவுகிறது; அதிலுள்ள பைனீன் என்ற பொருளிலிருந்தே இன்று பெருமளவில் கற்பூரம் தயாராகிறது. ரோசின் காகிதத்தில் மை பரவாமல் காக்கிறது. ஈயப் பற்றவைப்புக்கும் அதுவே துணை. தரை கழுவும் ஃபினாயிலின் மணத்துக்குப் பைன் எண்ணெய் காரணம். இமாச்சலத்தின் கின்னௌரில் விளையும் சில்கோசா என்ற விலையுயர்ந்த பருப்பும் ஒரு வகைப் பைனின் விதையே. பயன்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அயனி இதற்கு ஈடாகாது.

ஆனால் கதவுக்கு வேண்டியது உறுதி. இறக்குமதியாகும் பைன் வகைகளில் முக்கியமான ரேடியாட்டா, நியூசிலாந்துத் தோட்டங்களில் ஏறத்தாழ 28 ஆண்டுகளில் வெட்டப்படுவது. எடை குறைவு, இழை நேர், இழைப்புளிக்கு எளிதில் இணங்கும். ஆசாரிமாருக்கு வேலை விரைவில் முடியும். மருந்தேற்றாத ரேடியாட்டாவுக்கோ கறையானையும் பூஞ்சையையும் தாங்கும் இயல்பு இல்லை. எங்கள் பழைய வீட்டை ஒட்டிக் கட்டிய அறையில், சாரல் அடிக்கும் மேற்குப் பக்க ஜன்னலுக்குப் பைன் சட்டம் வைத்தோம். மூன்றாவது மழைக்காலத்தில் கீழ்ச்சட்டம் நீலம் பாய்ந்து, நகத்தால் கீறினால் பெயரும் அளவுக்கு மென்மையாகிவிட்டது. அதே பக்கத்தில் தாத்தா வைத்த அயனி நிலை இன்றும் அசையவில்லை. பைன் ஜன்னல் கெட்டது எனக்குப் பெரிய வருத்தம். விவரம் தெரிந்திருந்தால் அந்தச் செலவைத் தவிர்த்திருப்போம்.

அயனி மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிக்கே உரிய மரம். பலாவின் நெருங்கிய உறவு. மலையாளத்தில் ஆஞ்ஞிலி எனப்படும் இதைக் கொண்டுதான் கேரளத்தின் சுண்டன் வள்ளங்களைச் செய்கிறார்கள் என்பதே நீரைத் தாங்கும் அதன் திறனுக்குப் போதிய சான்று. வைரம் பாய்ந்த அயனியைக் கறையான் எளிதில் நெருங்காது. அயனிச் சக்கையின் சுளையைத் தின்று, விதையை வறுத்துக் கொறித்த பிள்ளைப் பருவம் இங்கே பலருக்கும் உண்டு. மரம் முதிர நெடுங்காலம் ஆகும் என்பதும், வெட்டுகிற அளவுக்கு நடுவோர் இல்லை என்பதுமே என் கவலை.

ரப்பர் மரம் ஏழாம் ஆண்டளவில் பால்வெட்டுக்கு வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் தந்தபின் வெட்டப்படுகிறது. பலகைக்காகத் தனியே ஒரு மரத்தை வளர்க்க வேண்டியதில்லை. பைனைவிடக் கடினமானது. மாவுச்சத்து மிகுந்திருப்பதால் வண்டு துளைத்து விரைவில் உளுத்துப்போகும். எனவே போரான் உப்பு ஏற்றிய பலகையையே வாங்க வேண்டும். அந்த உப்பு மழைநீரில் கரைந்துவிடும் என்பதால் வீட்டுக்குள் மட்டுமே அது ஏற்றது.

ஆகவே வாசல் நிலை, வெளிக்கதவு, சாரல் படும் ஜன்னல் ஆகியவற்றுக்கு அயனியையே தேர்வேன்; அதற்காக மற்றச் செலவுகளைக் குறைக்கலாம். கட்டில், மேசைக்கு மருந்தேற்றிய ரப்பர் மரம் போதும். பைனைச் சுவர் அலமாரிக்கும் உட்கூரைப் பலகைக்கும் வைத்துக்கொள்ளலாம். சரக்குப் பெட்டிகளைப் பிரித்து விற்கும் பைன் பலகையாக இருந்தால் அதன் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. (HT) என்றிருந்தால் 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் மரத்தின் நடுப்பகுதிவரை 30 நிமிடம் ஏற்றப்பட்டது என்று பொருள், எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு செலுத்தப்பட்டது. பின்னதைக் குழந்தைகளின் கட்டிலுக்கு எடுக்க வேண்டாம்.