ஜன்னல் நிலைக்கு மரமா, யுபிவிசியா, அலுமினியமா?

சுவர் ஜன்னலின் அடிமட்டத்துக்கு வருவதற்குள் ஜன்னல் எதில் என்று முடிவாகிவிட வேண்டும். மர நிலை செங்கல் கட்டும்போதே சுவரோடு சேர்ந்து ஏறுவது. யுபிவிசி என்ற பிளாஸ்டிக் சட்டமும் அலுமினியமும் பூச்சு காய்ந்தபின் திறப்பை அளந்து செய்து வருபவை. இதைக் கவனிக்காதவர்கள்தான் பிறகு சுவரைக் கொத்துகிறார்கள்.

4 அடிக்கு 4 அடி ஜன்னல், நடுவில் ஒரு கட்டை, 4×3 அங்குல நிலை என்றால் மரம் 20 அடி ஓடும், அது 1.67 கன அடி. இழைப்புக்கும் மூலைப் பொருத்துக்கும் சேர்த்து 2 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கதவுக்கான சட்டம் தனி. தேக்கா வேங்கையா என்பதைவிட வைரம் பாய்ந்த கட்டையா என்பதே முக்கியம். உளுப்பதும் கரையான் ஏறுவதும் ஓரத்து வெள்ளைப் பகுதியில்தான் தொடங்கும். வெள்ளை கலந்த தேக்கைவிட முழு வைரமான வேங்கை நீடிக்கும். ஈரம் காயாத மரத்தில் செய்த கதவு சித்திரையில் சுருங்கி இடைவெளி விடும், ஐப்பசி மழையில் ஊதி இறுகும். சுவரைத் தொடும் பக்கங்களுக்கு நிலை வைக்கும் முன்பே பிரைமர் அடித்துவிட வேண்டும். பிறகு அங்கே தூரிகை போகாது.

மரத்துக்கு மட்டும் உள்ள வசதி ஒன்று: கம்பியை நிலையிலேயே துளைத்து இறக்கிவிடலாம். மற்ற இரண்டுக்கும் கிரில்லைத் தனியாகச் சுவரில் பதிக்க வேண்டும். 9 அங்குலச் சுவரில் நிலை, கொசுவலை, கிரில் மூன்றுக்கும் இடம் கிடைக்கும். நாலரை அங்குலச் சுவரில் நெருக்கடிதான்.

யுபிவிசியைக் கரையான் தொடாது, உப்புக்காற்று அரிக்காது, வருடாவருடம் பெயின்ட் கேட்காது. ஆனால் வெறும் பிளாஸ்டிக் சட்டத்துக்கு விறைப்பு கிடையாது. அதன் வலு உள்ளே செருகும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையில் இருக்கிறது. விலையைக் குறைப்பவர்கள் முதலில் கைவைப்பதும் அதில்தான். பட்டை இல்லாவிட்டால் கீல் ஸ்குரூ பிளாஸ்டிக்கை மட்டுமே பிடித்திருக்கும், ஓரிரு வருடத்தில் கதவு தொங்கும். ஆர்டர் கொடுக்கும் முன் வெட்டுத் துண்டு கேட்டு வாங்கிப் பாருங்கள். வந்து இறங்கிய சட்டத்தின் நான்கு பக்கமும் நல்ல காந்தத்தை ஓட்டினால் பட்டை எங்கே இல்லை என்று தெரிந்துவிடும்.

யுபிவிசி வெயிலில் நீளவும் செய்யும். ஒன்றரை மீட்டர் சட்டம் 30 டிகிரி ஏற்றத்துக்கு சுமார் 3 மி.மீ. நீளும், அலுமினியம் 1 மி.மீ. அளவுதான். அதனால் சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விட்டு, சிமெண்ட் வைக்காமல் ஃபோமும் சிலிக்கானும் கொண்டு அடைக்க வேண்டும். சிமெண்டால் இறுக்கிய சட்டம் நடுவில் வளையும், பூட்டு பொருந்தாது. மேற்குச் சுவருக்கு அடர்நிறம் வேண்டாம்; வெள்ளை குறைவாகச் சூடேறும்.

அகலமான திறப்புக்கு அலுமினியத்தை மிஞ்ச ஆளில்லை. மெல்லிய சட்டமே கனமான கண்ணாடியைத் தாங்கும், வெளிச்சமும் கூடும். இங்கே ஏமாறும் இடம் தகட்டின் கனம். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள்: பெரிய ஸ்லைடிங் ஜன்னலுக்கு 1.5 மி.மீ.க்குக் குறைந்தால் தள்ளும்போதே அதிரும். ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தில் அழியாத வெள்ளைத் திட்டு போடும் என்பதால் மீதமுள்ள சிமெண்ட் வேலை முடியும்வரை சட்டத்தின் மேல் ஒட்டி வரும் காப்பு டேப்பைப் பிரிக்கக் கூடாது. மாதக்கணக்கில் வெயிலில் விட்டாலோ டேப்பின் பசை சட்டத்தில் உறைந்துவிடும். அலுமினியம் வெப்பத்தை யுபிவிசியைவிட சுமார் 1000 மடங்கு கடத்தும் என்பது உண்மை. ஆனாலும் ஜன்னலில் பெரும்பரப்பு கண்ணாடிதானே. வெயில் நேராக விழும் சுவரில் அகலமான சன்ஷேடு செய்யும் உதவியை எந்தச் சட்டமும் செய்யாது.

கடலோர வீட்டுக்கு எங்கள் தேர்வு யுபிவிசி, ஆனால் கீலும் ஸ்குரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் மட்டும். அலுமினியத்தில் சாதா இரும்பு ஸ்குரூ போட்டால் ஸ்குரூ துருப்பிடிக்கும், அதைச் சுற்றி பவுடர் கோட்டிங் உப்பி உரியும். உள்மாவட்டங்களில், சன்ஷேடு உள்ள சுவருக்கு, நல்ல தச்சர் கிடைத்தால் வேங்கை நிலையைத் தயங்காமல் வைக்கலாம். பெரிய ஹாலுக்கு அலுமினியம், குளியலறைக்கு யுபிவிசி. ஒரே வீட்டில் மூன்றும் கலந்து வருவதில் தவறே இல்லை.

திறக்கும் விதம் தனிக் கணக்கு. ஸ்லைடிங் பாதித் திறப்புக்கே காற்று விடும். கீலில் திறக்கும் கதவு ஜன்னல் முழுதாகத் திறக்கும், மூடினால் ரப்பரில் அழுந்தி மழையையும் தடுக்கும். ஸ்லைடிங்தான் வேண்டுமென்றால், மீதிப் பணம் கொடுக்கும் முன் கீழ்த் தண்டவாளத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். வெளித்துளை வழியே உடனே வடிய வேண்டும். தேங்கினால் துளையில் சிமெண்ட் தூசி அடைத்திருக்கிறது, அல்லது துளையே போடவில்லை. வடகிழக்குப் பருவக்காற்றில் அந்தத் தண்ணீர் அறைக்குள்தான் வரும்.